மலிவு விலையில் முதல் எலெக்ட்ரிக் கிட்டார்: வாங்கிச் சீராக்கிப் பழகும் வழி

2002ஆம் ஆண்டில், பாளையங்கோட்டையில் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தபோது, அம்மா சீட்டுப் பணத்திலிருந்து எடுத்துக் கொடுத்த 4,200 ரூபாயோடு சென்னைக்கு ரயிலேறிப் போய், ஒரு கடையில் என் முதல் எலெக்ட்ரிக் கிட்டாரை வாங்கி வந்தேன். கருஞ்சிவப்பு வண்ணம் பூசிய, தலைப்பகுதியில் எந்தப் பெயரும் பொறிக்கப்படாத கிட்டார் அது. கம்பிகளை அழுத்துவது கடையிலேயே கடினமாகத்தான் இருந்தது. கேட்டதற்கு, “புதுசுல அப்படித்தான் இருக்கும், வாசிக்க வாசிக்கச் சரியாயிடும்” என்றார்கள். அந்தச் சொல்லை நம்பி ஏழு மாதங்கள் தினமும் அதனோடு போராடினேன். விரல்நுனிகள் கன்றிப்போயினவே தவிர, பல சுரங்களை ஒன்றாக ஒலிக்கவைக்கும் விரல்பிடியான கார்டு ஒன்றைக்கூட எல்லாக் கம்பிகளும் தெளிவாக ஒலிக்கும்படி என்னால் பிடிக்க முடியவில்லை. எனக்கு இசை வராது என்று முடிவுசெய்து, கிட்டாரைப் பழைய போர்வையில் சுற்றிக் கட்டிலுக்கு அடியில் வைத்துவிட்டேன்.

அதை வெளியே எடுக்க வைத்தவர், தேவாலயப் பாடகர் குழுவுக்கும் மெல்லிசைக் கச்சேரிகளுக்கும் வாசித்துவந்த ஒரு கிட்டார் மாஸ்டர். நண்பன் ஒருவன் அவரிடம் என்னை அழைத்துப் போனான். அவர் வாசித்துப் பார்க்கவில்லை. சட்டைப் பையிலிருந்து ஓர் எஃகு அளவுகோலை எடுத்து, கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டைகளான ஃப்ரெட்டுகளில் 12ஆவதன் மேல் நிறுத்தி, கம்பி எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று பார்த்தார். 4 மில்லிமீட்டர் இருந்தது. “தம்பி, கோளாறு கிட்டார்ல இருக்கு, உங்கிட்ட இல்ல” என்று சொல்லிவிட்டு, இரண்டு ஆலன் சாவிகளையும் ஒரு ஸ்க்ரூடிரைவரையும் வைத்துக்கொண்டு ஏறக்குறைய முக்கால் மணி நேரம் வேலை செய்தார். அன்று மாலையே ஈ மைனர் கார்டை முதன்முறையாக ஆறு கம்பிகளும் ஒலிக்க வாசித்தேன். வேலை முடிந்ததும், கிட்டாரின் பின்புறம் உள்ள பிளாஸ்டிக் மூடியைக் கழற்றி, அதன் உட்பக்கத்தில் தேதியையும் தான் வைத்த அளவுகளையும் பென்சிலால் எழுதிவைத்தார்.

அதற்குப் பிறகு, என்னிடம் பழக வந்தவர்களுடைய விலை குறைந்த கிட்டார்கள் பலவற்றைக் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறேன். பழகுவதைப் பாதியில் விட்டவர்களில் பெரும்பாலோரைத் தடுத்தது திறமைக் குறைவு அன்று, சீராக்கப்படாத கருவிதான் என்பது என் உறுதியான எண்ணம். விலை உயர்ந்த கிட்டார்கள் தொழிற்சாலையிலோ கடையிலோ ஒருவர் கையால் சீராக்கப்பட்டு வருகின்றன. விலை குறைந்தவற்றில் பெரும்பாலும் அந்த உழைப்பைத்தான் மிச்சம் பிடித்திருக்கிறார்கள். அந்த உழைப்பை நாமே கொடுத்துவிட முடியும். அதை எப்படிச் செய்வது, அதற்கு முன் எதைப் பார்த்து வாங்குவது, பின்பு எப்படிப் பழகுவது என்பதை முறையாகச் சொல்கிறேன்.

மலிவான கிட்டார் ஏன் போதும்

எலெக்ட்ரிக் கிட்டாரின் ஒலி, வீணையைப் போலக் குடத்தின் அதிர்விலிருந்து பிறப்பதில்லை. கம்பிகளுக்குக் கீழே உள்ள பிக்கப் என்பது, காந்தங்களைச் சுற்றி ஏறக்குறைய 7,000 முதல் 8,000 சுற்றுகள் வரை தலைமயிர் போன்ற மெல்லிய செம்புக் கம்பி சுற்றப்பட்ட ஒரு சுருள். எஃகு அல்லது நிக்கல் பூச்சுக் கம்பி அதன் மேலே அதிரும்போது காந்தப்புலம் மாறி, சுருளில் சிறிய மின்னழுத்தம் உண்டாகிறது. ஆம்ப்ளிஃபயர் அதைப் பெரிதாக்குகிறது. ஆகவே பலகை ஒட்டுப்பலகையாக இருந்தாலும் கருவி பயன்படும். அமெரிக்காவில் 1960களின் தொடக்கத்தில் சியர்ஸ் அங்காடிகள் வழியாகச் சில்வர்டோன் என்ற பெயரில் விற்கப்பட்ட டேன்எலெக்ட்ரோ கிட்டார்கள், மரச்சட்டத்தின் மேல் அழுத்திய அட்டைப்பலகை ஒட்டிச் செய்யப்பட்டவை. அவற்றின் பிக்கப்புகள் உதட்டுச்சாயக் குப்பிகளுக்குள் அடைக்கப்பட்டிருந்தன. கிட்டாரை வைக்கும் பெட்டியிலேயே ஆம்ப்ளிஃபயரும் இருந்தது. அமெரிக்காவில் எத்தனையோ பிள்ளைகள் அதில்தான் தொடங்கினார்கள்.

இன்று கடைகளில் காணும் மலிவான கிட்டார்களில் பெரும்பாலானவை, கலிஃபோர்னியாவில் ஃபுல்லர்டன் ஊரில் ரேடியோ பழுதுபார்க்கும் கடை வைத்திருந்த லியோ ஃபெண்டர் 1954இல் வெளியிட்ட ஸ்ட்ராட்டோகாஸ்டரின் வடிவத்தைப் பின்பற்றியவை. அதற்கு அழகு மட்டும் காரணமன்று. கழுத்தைத் தனியாகவும் பலகையைத் தனியாகவும் செய்து திருகாணிகளால் இணைக்கும் அவரது முறையில் உற்பத்தி எளிது, பழுதுபார்ப்பதும் எளிது. கிட்டார் வாசிக்கவே கற்றுக்கொள்ளாத அவர், பழுதுபார்ப்பவரின் கண்ணோடு அமைத்த கருவி அது. ஒவ்வொரு பாகத்தையும் ஸ்க்ரூடிரைவரால் கழற்றிச் சரிசெய்ய முடிவது புதிதாகத் தொடங்குபவருக்குப் பெரிய வரம்.

இங்கிலாந்தில் பிரையன் மே, 1963இல் பள்ளிச் சிறுவனாக இருந்தபோது, வாங்கப் பணமில்லாததால் தன் தந்தையோடு சேர்ந்து பழைய கணப்படுப்பின் மரத்தில் கழுத்தைச் செதுக்கி, மோட்டார் சைக்கிள் வால்வு சுருள்வில்களைப் பலகையில் கம்பிகள் அமரும் பிரிட்ஜில் பொருத்தி, அம்மாவின் பின்னல் ஊசியின் நுனியைச் சுருதியை அசைக்கும் நெம்புகோலின் முனையாக வைத்து ஒரு கிட்டாரைச் செய்தார். பின்னாளில் குவீன் இசைக்குழுவில் அவர் வாசித்தது அதே கிட்டாரைத்தான். மலிவான பொருள்களுக்குள்ளும் அளவுகள் சரியாக இருந்ததே அதற்குக் காரணம்.

கடையில் நின்று பார்க்க வேண்டியவை

கையில் உள்ள தொகை முழுவதையும் கிட்டாருக்கே கொடுத்துவிடாதீர்கள். குறைந்தது கால்பங்கைக் கேபிள், கூடுதல் கம்பிகள், பிக், சீராக்கும் செலவு, ஒரு சிறிய ஆம்ப்ளிஃபயர் ஆகியவற்றுக்காக ஒதுக்கிவையுங்கள். பழைய கிட்டார் கிடைத்தால் தயங்க வேண்டாம்; பல ஆண்டுகள் நம் ஊர்க் காற்றைக் குடித்து வளையாமல் நிற்கும் கழுத்து, இனிமேலும் நிற்கும் என்று நம்பலாம்.

முதலில், கிட்டாரைத் துப்பாக்கி போல முகத்துக்கு நேராகப் பிடித்து, பலகைப் பக்கத்திலிருந்து கழுத்தின் நீளத்தை ஒரு கண்ணால் பாருங்கள். கழுத்து லேசாக முன்பக்கம் வளைந்திருப்பது சரிசெய்யக்கூடியது. பாய் முறுக்கிக்கொண்டதைப் போல ஒரு விளிம்பு உயர்ந்தும் மறுவிளிம்பு தாழ்ந்தும் இருந்தால், அந்தக் கிட்டாரை அங்கேயே வைத்துவிடுங்கள். அதை எந்தச் சாவியாலும் திருத்த முடியாது.

அடுத்து, ஒவ்வொரு கம்பியிலும் ஒவ்வொரு ஃப்ரெட்டையும் அழுத்தி வாசித்துப் பாருங்கள். வீணையில் நாம் மெட்டு என்கிறோமே, அதே வேலையைச் செய்வதுதான் ஃப்ரெட். வீணையில் 24 மெட்டுகள் என்றால், இந்த வகைக் கிட்டாரில் 21 அல்லது 22 ஃப்ரெட்டுகள் இருக்கும். ஆறு கம்பிகளிலும் சேர்த்து நூற்றுமுப்பது ஒலிகள் வரை வரும். வாசித்து முடிக்க ஐந்து நிமிடம் போதும், கடைக்காரர் பொறுத்துக்கொள்வார். எல்லா இடத்திலும் பரவலாக லேசான இரைச்சல் கேட்டால் அது சரியாகக்கூடியது. ஒரே ஓர் ஃப்ரெட்டில் மட்டும் ஒலி செத்துப்போனால், அந்த ஃப்ரெட் மேலெழும்பியிருக்கிறது அல்லது தேய்ந்திருக்கிறது. விலை பேசும்போது அதைக் காட்டுங்கள்.

பிறகு கழுத்தின் இரு விளிம்புகளிலும் உள்ளங்கையை மேலும் கீழுமாக ஓட்டுங்கள். வெயில் காலத்தில் மரம் சுருங்கும், உலோகம் சுருங்காது; அதனால் ஃப்ரெட்டின் முனைகள் முள்ளாகத் துருத்திக்கொண்டிருக்கும். கையைக் கிழிக்கும் அளவுக்கு இருந்தால் தவிர்க்கலாம்; நகத்தில் தட்டும் அளவுக்கு இருந்தால் வீட்டிலேயே மெல்லிய அரத்தாலும் 600ஆம் எண் உப்புத்தாளாலும் தேய்த்துவிடலாம். தேய்க்கும் முன் மரப்பரப்பின் மேல் காகித ஒட்டுநாடா ஒட்டிக்கொள்ளுங்கள்.

கடைசியாக, ஆம்ப்ளிஃபயரில் இணைத்து எல்லாக் குமிழ்களையும் திருப்பிப் பாருங்கள், பிக்கப் மாற்றும் சுவிட்சை ஒவ்வொரு நிலையிலும் வையுங்கள். குமிழ் கரகரத்தால் கவலை வேண்டாம். ஒரு நிலையில் ஒலியே வரவில்லை என்றால் உள்ளே வயர் விட்டிருக்கிறது என்று பொருள். அதுவும் பெரும்பாலும் சிறிய வேலைதான்.

ஆம்ப்ளிஃபயரும் எர்த்தும்

என் கிட்டாரை முதலில் வீட்டிலிருந்த டூ-இன்-ஒன் டேப் ரெக்கார்டரின் மைக் துளையில்தான் இணைத்தேன். ஒலி வந்தது, ஆனால் தகரத்தில் தட்டியதைப் போல உயிரில்லாமல் இருந்தது. கிட்டாரின் பிக்கப் அதிக மின்மறிப்பு (மாறுமின்னோட்டத்துக்குக் காட்டும் தடை) உடையது. ஏறக்குறைய ஒரு மெகாஓம் அளவுள்ள உள்ளீட்டில் இணைத்தால்தான் அதன் உயர்சுருதி ஒலிகள் மழுங்காமல் வரும். வீட்டு ஸ்டீரியோவும் கணினியின் மைக் துளையும் அதற்காக அமைந்தவை அல்ல. அதனால் எவ்வளவு சிறியதானாலும் கிட்டாருக்கென்றே செய்த ஆம்ப்ளிஃபயரை வாங்குங்கள். அறையில் பழக 10 வாட் தாராளமாகப் போதும். அக்கம்பக்கத்தார் தூங்கும் நேரத்தில் பழகுபவர்களுக்கு, கிட்டாரின் துளையிலேயே நேராகச் செருகி ஹெட்போனில் கேட்கும் சிறிய கருவிகள் மிக உதவியாக இருக்கும். அவற்றில் சார்ஜ் செய்யக்கூடியவை மின்வெட்டின்போதும் பயன்படும்.

மின்சார விஷயத்தில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். ஆம்ப்ளிஃபயருக்கு மூன்று முள் பிளக் இருந்தால் அந்த மூன்றாவது முள்ளை ஒருபோதும் ஒடித்துவிடாதீர்கள். சுவரில் உள்ள சாக்கெட்டில் எர்த் இணைப்பு உண்மையிலேயே இருக்கிறதா என்று ஒரு எலெக்ட்ரீஷியனை வைத்துச் சோதித்துவிடுங்கள். கிட்டாரின் கம்பிகள் கேபிள் வழியாக ஆம்ப்ளிஃபயரின் உலோகச் சட்டத்தோடு இணைந்தவை. சட்டத்தில் மின்கசிவு இருந்து எர்த் இல்லாவிட்டால், அது உங்கள் விரல்கள் வழியாகவே தரைக்குப் போகும். 1972இல் வேல்ஸில் ஸ்வான்ஸி நகரில், ஸ்டோன் த குரோஸ் குழுவின் கிட்டார் கலைஞர் லெஸ் ஹார்வி, எர்த் சரியாக இல்லாத மைக்கைத் தொட்டபோது மேடையிலேயே உயிரிழந்தார். கம்பியைத் தொடும்போது சுளீரென்ற உணர்வு சிறிதளவு இருந்தாலும், உடனே பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் காரணத்தைக் கண்டுபிடியுங்கள்.

சீராக்கும் வேலை

இதற்கு ஒரு விடுமுறை நாள் மாலையை ஒதுக்குங்கள். தேவையானவை: மில்லிமீட்டரில் அரைப்பங்கு வரை குறித்த எஃகு அளவுகோல், 1.5 மி.மீ. ஆலன் சாவி, கழுத்துக்குள் உள்ள இரும்புக் கம்பியைத் திருப்பும் ஆலன் சாவி (பெரும்பாலும் 4 அல்லது 5 மி.மீ.), நட்சத்திர ஸ்க்ரூடிரைவர், பென்சில், புதிய கம்பிகள் ஒரு செட். சுருதி பார்க்கக் கைப்பேசியில் இலவச டியூனர் செயலி ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள்.

கம்பிகளில் 9-42 என்ற செட்டை வாங்குங்கள். மிக மெல்லிய கம்பி ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒன்பது பங்கு, அதாவது 0.23 மி.மீ. தடிமன் என்பது அதன் பொருள். ஆறு கம்பிகளையும் சுருதி சேர்த்தபின் அவை கழுத்தை இழுக்கும் மொத்த விசை ஏறக்குறைய 38 கிலோ. அடுத்த தடிமனான 10-46 செட்டில் அது 47 கிலோவை எட்டும். புதிய விரல்களுக்கு இந்த வேறுபாடு மிகப் பெரியது.

கிட்டாரில் நெம்புகோல் வைத்த பிரிட்ஜ் இருந்தால், அதை முதலில் அசையாமல் செய்துவிடுங்கள். மலிவான கிட்டார்களில் சுருதி நிற்காமல் போவதற்கு முதல் காரணம் அதுதான். பின்மூடியைக் கழற்றினால் மூன்று சுருள்வில்கள் தெரியும். அவற்றைப் பிடித்திருக்கும் நகம் போன்ற தகட்டின் இரண்டு திருகாணிகளை, பிரிட்ஜ் பலகையோடு முழுதாகப் படியும்வரை இறுக்குங்கள். போதாவிட்டால் இன்னும் இரண்டு சுருள்வில்களைச் சேர்க்கலாம். நெம்புகோலைக் கழற்றிப் பத்திரமாக வைத்துவிடுங்கள். ஓராண்டுக்குப் பிறகு வேண்டுமானால் பயன்படுத்திக்கொள்ளலாம்.

இனிப் பழைய கம்பிகளை ஒவ்வொன்றாக மாற்றுங்கள். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கழற்றினால் கழுத்தின் மேலுள்ள இழுவிசை திடீரென்று போய்விடும் என்பதால், தொடக்கத்தில் ஒவ்வொன்றாக மாற்றுவதே நல்லது. டியூனிங் கீயின் தண்டில் இரண்டு மூன்று சுற்றுகள் மட்டும், மேலிருந்து கீழாக ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் படியும்படி சுற்றுங்கள். தலைப்பக்கத்தில் கம்பிகள் பள்ளத்தில் அமரும் வெள்ளைத் துண்டை நட் என்பார்கள். அதன் பள்ளங்களில் கூர்மையான பென்சிலால் தேய்த்துவிட்டால், பென்சில் கரி கம்பியை வழுக்கி ஓடச் செய்யும். சுருதி சேர்க்கும்போது டிக் டிக்கென்று சத்தம் வருவது இதனால் நின்றுபோகும். கம்பியைப் போட்டபின், விரலால் மெல்லத் தூக்கி இழுத்துவிட்டு மறுபடி சுருதி சேர்ப்பதை நான்கைந்து முறை செய்தால் அது நிலைக்கு வந்துவிடும்.

சுருதி, தடித்த கம்பியிலிருந்து மெல்லிய கம்பிவரை ஈ, ஏ, டி, ஜி, பி, ஈ. தடித்த ஈ 82.4 ஹெர்ட்ஸ், ஏ 110 ஹெர்ட்ஸ், மெல்லிய ஈ 329.6 ஹெர்ட்ஸ். எப்போதும் தாழ்ந்த சுருதியிலிருந்து மேலேற்றி நிறுத்துங்கள். மேலிருந்து இறக்கி நிறுத்தினால் கீயில் உள்ள தளர்வு, வாசிக்கும்போது கம்பியை மேலும் தளர்த்திவிடும்.

இப்போது கழுத்தின் வளைவைப் பாருங்கள். தடித்த கம்பியை முதல் ஃப்ரெட்டில் ஒரு கையாலும், கழுத்து பலகையோடு சேரும் இடத்துக்கு அருகே 17ஆம் ஃப்ரெட்டில் மறுகையாலும் அழுத்துங்கள். கம்பி இப்போது ஒரு நேர்கோடாகிவிடும். 7ஆம் ஃப்ரெட்டின் மேல் கம்பிக்கும் உலோகத்துக்கும் இடையே ஏறக்குறைய 0.25 மி.மீ., அதாவது ஒரு முகவரி அட்டை உராய்ந்து நுழையும் அளவு, இடைவெளி இருக்க வேண்டும். அதிகமாக இருந்தால் கழுத்துக்குள் உள்ள இரும்புக் கம்பியை ஆலன் சாவியால் வலஞ்சுழியாகக் கால் சுற்று திருப்புங்கள். இடைவெளியே இல்லாவிட்டால் இடஞ்சுழியாகக் கால் சுற்று. அதற்குமேல் ஒரே நேரத்தில் திருப்ப வேண்டாம். மறுபடி சுருதி சேர்த்து அளந்து பாருங்கள், மரம் தன் நிலைக்கு வர ஒரு நாள் விட்டுவைத்தாலும் நல்லது. சாவி இறுகிப்போய் நகர மறுத்தால், பலம் கொடுக்காமல் விவரம் தெரிந்தவரிடம் கொண்டுபோங்கள். இந்த ஒன்றில்தான் கிட்டார் திருத்த முடியாதபடி கெட்டுப்போகும் ஆபத்து இருக்கிறது.

அடுத்தது கம்பியின் உயரம். 12ஆம் ஃப்ரெட்டின் உலோகத்தின் மேல் அளவுகோலை நிறுத்தி, அதற்கும் கம்பியின் அடிப்பக்கத்துக்கும் உள்ள தூரத்தைப் பாருங்கள். பிரிட்ஜில் ஒவ்வொரு கம்பிக்கும் ஒரு சிறிய உலோகத் துண்டும், அதில் இரண்டு நுண்ணிய ஆலன் திருகாணிகளும் உண்டு. தடித்த கம்பிக்கு 2 மி.மீ., மெல்லிய கம்பிக்கு 1.6 மி.மீ., இடையில் உள்ளவற்றுக்குப் படிப்படியாகக் குறையும் அளவு என்று வையுங்கள். உலோகத் துண்டு சாயாமல் இருக்க இரண்டு திருகாணிகளையும் சமமாகத் திருப்புங்கள். இரைச்சல் கேட்டால் அரை சுற்று உயர்த்திக்கொள்ளலாம். 4 மில்லிமீட்டரிலிருந்து 2 மில்லிமீட்டருக்கு வந்த கிட்டாரை முதன்முதலில் அழுத்தும்போது கை உணரும் வேறுபாட்டை எழுத்தில் சொல்ல முடியாது. ஏழு மாதம் வலித்த இடத்தில் அன்று எனக்கு வலியே இல்லை.

நட்டையும் பாருங்கள். கம்பியை 2ஆம், 3ஆம் ஃப்ரெட்டுகளுக்கு நடுவில் அழுத்தினால், முதல் ஃப்ரெட்டுக்கும் கம்பிக்கும் இடையே ஒரு காகிதத்தின் தடிமன் அளவே இடைவெளி இருக்க வேண்டும். மலிவான கிட்டார்களில் இங்கே பள்ளம் ஆழமாக வெட்டப்பட்டிருக்காது. அதனால்தான் தொடக்க கார்டுகள், அதாவது முதல் மூன்று ஃப்ரெட்டுகளுக்குள் பிடிப்பவை, கல்லைப் போல இருக்கும். பள்ளத்தை ஆழப்படுத்த அதற்கென்று அரம் உண்டு. மிகுதியாக அராவினால் விரலால் அழுத்தாத திறந்த கம்பி இரையத் தொடங்கும் என்பதால், இந்த ஒரு வேலையை மட்டும் பழுதுபார்ப்பவரிடம் கொடுப்பது சிக்கனம்.

கடைசி வேலை, கழுத்து முழுவதும் சுரம் சுத்தமாக வரச் செய்வது. நட்டிலிருந்து பிரிட்ஜ் வரை கம்பியின் நீளம் இந்த வகைக் கிட்டாரில் 648 மி.மீ.; 12ஆம் ஃப்ரெட் அதன் சரிபாதியான 324 மில்லிமீட்டரில் இருக்கிறது. அங்கே விரலால் தொட்டும் தொடாமலும் வைத்து மீட்டினால் மணி போன்ற ஒலி வரும். அதையும், அதே இடத்தில் அழுத்தி வாசிக்கும் ஒலியையும் டியூனரில் ஒப்பிடுங்கள். அழுத்திய ஒலி கூடுதல் சுருதியில் இருந்தால், பிரிட்ஜின் பின்புறத் திருகாணியால் அந்த உலோகத் துண்டைக் கழுத்திலிருந்து விலக்குங்கள். குறைவாக இருந்தால் கழுத்தை நோக்கி நகர்த்துங்கள். ஆறு கம்பிகளுக்கும் இதைச் செய்ய அரை மணி நேரம் ஆகும்.

கரகரப்பும் இரைச்சலும்

கரகரக்கும் குமிழுக்குள் எலெக்ட்ரானிக்ஸ் கடைகளில் கிடைக்கும் கான்டாக்ட் க்ளீனரை ஒரு சொட்டு அடித்து, இருபது முப்பது முறை திருப்பினால் பெரும்பாலும் சரியாகிவிடும். சென்னையில் ரிச்சி தெருவில் எங்கே போனாலும் அது கிடைக்கும். மற்ற ஊர்களில் டிவி பழுதுபார்க்கும் கடையில் கேளுங்கள். கேபிள் செருகும் துளையின் நட்டு தளர்ந்து சுழல்கிறதா என்று மாதம் ஒருமுறை பாருங்கள். அது சுழலச் சுழல உள்ளே உள்ள இரண்டு வயர்களும் முறுக்கி அறுந்துபோகும். சால்டரிங் தெரிந்த எவரும் அதைப் பத்து நிமிடத்தில் பற்றவைத்துத் தந்துவிடுவார்கள்.

ஒற்றைச் சுருள் பிக்கப்புகள் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் ரீங்காரத்தையும் சேர்த்துப் பிடிக்கும். கிப்ஸன் நிறுவனத்தில் பணியாற்றிய செத் லவர் 1955இல் இரண்டு சுருள்களை எதிரெதிராக இணைத்து ஹம்பக்கரை உருவாக்கியது இதற்காகத்தான். உங்கள் கிட்டாரில் அது இல்லாவிட்டால், டியூப்லைட்டிலிருந்தும் சார்ஜரிலிருந்தும் தள்ளி உட்கார்ந்து, இருக்கும் திசையைச் சற்று மாற்றிப் பாருங்கள்; ரீங்காரம் குறையும் ஒரு கோணம் அறைக்குள் எங்காவது இருக்கும்.

பழகத் தொடங்குதல்

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் வாசிப்பதைவிட, தினமும் 20 நிமிடம் வாசிப்பது பலன் தரும். விரல்நுனியின் தோல் தடிக்க மூன்று நான்கு வாரங்கள் ஆகும். அதுவரை வலி கூடினால் நிறுத்திவிட்டு மறுநாள் தொடருங்கள். கிட்டாரைப் பெட்டிக்குள் பூட்டாமல் கண்ணில் படும் இடத்தில் வைத்திருங்கள். நான் அலமாரியின் பக்கவாட்டில் மாட்டிவைத்த நாளிலிருந்துதான் தினமும் வாசிக்கத் தொடங்கினேன்.

கம்பிகளை மெல்லியதை 1 என்றும் தடித்ததை 6 என்றும் எண்ணுங்கள். முதல் வாரத்தில் ஈ மைனர் கார்டு ஒன்று போதும்: 5ஆம், 4ஆம் கம்பிகளில் 2ஆம் ஃப்ரெட், மற்ற நான்கும் திறந்தபடி. விரல் ஃப்ரெட்டின் உலோகத்துக்கு அடுத்து, சற்றுப் பின்னால் விழ வேண்டும். நடுவில் அழுத்தினால் இருமடங்கு பலம் தேவைப்படும். ஒவ்வொரு கம்பியையும் தனித்தனியாக மீட்டி, ஊமையாக இருப்பதைக் கண்டுபிடித்துத் திருத்துங்கள். அடுத்து ஏ மைனர்: 4ஆம், 3ஆம் கம்பிகளில் 2ஆம் ஃப்ரெட், 2ஆம் கம்பியில் முதல் ஃப்ரெட். அந்த விரலமைப்பை அப்படியே ஒரு கம்பி மேலே தடித்த பக்கம் நகர்த்தினால் ஈ மேஜர் கிடைத்துவிடும். இவ்வாறு ஒன்றிலிருந்து ஒன்று கிடைக்கும் கார்டுகளை முதலில் பிடியுங்கள். எஃப் கார்டை மூன்றாம் மாதத்துக்கு விட்டுவையுங்கள்.

புதியவர்கள் தடுமாறுவது கார்டைப் பிடிப்பதில் அல்ல, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறுவதில்தான். ஒரு நிமிடம் கடிகாரத்தை வைத்துக்கொண்டு, இரண்டு கார்டுகளுக்கு இடையே எத்தனை முறை சுத்தமாக மாற முடிகிறது என்று எண்ணி நோட்டில் எழுதுங்கள். முதல் நாள் எட்டு, பத்து என்று இருக்கும். அது முப்பதைத் தொடும்போது, சீராகத் தாளம் தட்டும் மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60 தட்டுகளில் வைத்து, நான்கு தட்டுக்கு ஒரு கார்டு என்று வாசியுங்கள். தாளம் தவறாமல் மெதுவாக வாசிக்கத் தெரிந்தவருக்கு வேகம் தானே வரும்.

எலெக்ட்ரிக் கிட்டாருக்கே உரிய இன்பம் பவர் கார்டில் இருக்கிறது. 6ஆம் கம்பியில் 5ஆம் ஃப்ரெட், 5ஆம் கம்பியில் 7ஆம் ஃப்ரெட். இரண்டை மட்டும் மீட்டி மற்றவற்றை உள்ளங்கை விளிம்பால் அடக்குங்கள். நமக்குப் பழக்கமான ஷட்ஜமும் பஞ்சமமும்தான் அது. ஆம்ப்ளிஃபயரில் ஒலியைக் கரடுமுரடாக்கும் டிஸ்டார்ஷனைக் கூட்டினாலும் இந்த இரண்டு சுரங்களும் ஒன்றோடொன்று மோதாமல் நிற்பதால்தான் ராக் இசை முழுவதும் இதன் மேல் நடக்கிறது.

கர்நாடக இசையைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அடுத்த படி இன்னும் எளிது. ராக் கிட்டார் கலைஞர்கள் முதலில் கற்கும் மைனர் பென்டடானிக் என்பது சுத்த தன்யாசியின் ஐந்து சுரங்களே. 5ஆம் ஃப்ரெட்டில் சுட்டுவிரலை வைத்து, 6ஆம் கம்பியில் 5, 8. அடுத்த மூன்று கம்பிகளில் 5, 7. கடைசி இரண்டு கம்பிகளில் 5, 8 என்று வாசித்தால் ஏ சுரத்தை ஷட்ஜமாகக் கொண்ட சுத்த தன்யாசி வரும். விரல்களை மாற்றாமல், 6ஆம் கம்பியின் 8ஆம் ஃப்ரெட்டை ஷட்ஜமாக மனத்தில் வைத்து அங்கிருந்து பாடிப் பாருங்கள், மோகனம் கேட்கும். இந்தக் கிரக பேதத்தை நான் தற்செயலாகக் கண்டுபிடித்த இரவில், ஹெட்போனைக் கழற்ற மனமின்றி விடியும்வரை வாசித்துக்கொண்டிருந்தேன்.

கமகத்துக்கும் இங்கே வழி உண்டு. 3ஆம் கம்பியில் 7ஆம் ஃப்ரெட்டை அழுத்தி மீட்டிவிட்டு, கம்பியை மூன்று விரல்களால் மேலே தள்ளி, 2ஆம் கம்பியின் 5ஆம் ஃப்ரெட் தரும் ஒலியை எட்டும்வரை இழுங்கள். இரண்டும் ஒரே சுருதியில் சேரும் இடத்தைக் காது கண்டுகொள்ள வேண்டும். வீணையில் தந்தியை இழுப்பதைப் போன்றதே இது. மாண்டலின் ஸ்ரீநிவாஸ் எலெக்ட்ரிக் மாண்டலினிலும், பிரசன்னா எலெக்ட்ரிக் கிட்டாரிலும் கர்நாடக இசைக் கச்சேரி செய்து காட்டியது, மெல்லிய கம்பியும் ஆம்ப்ளிஃபயர் நீட்டித் தரும் ஒலியும் கமகத்துக்கு இடம் கொடுத்ததால்தான்.

ஆறு மாதத்துக்குள் எப்படியாவது இன்னொருவரோடு சேர்ந்து வாசியுங்கள். தபேலா வாசிப்பவரோ, பாடும் அக்காவோ, பஜனைக் குழுவோ யாராக இருந்தாலும் சரி. தவறினால் நிறுத்தித் திருத்த முடியாத இடத்தில், தாளத்தோடு ஓடிச் சேர்ந்துகொள்ளும் பழக்கம் வரும். தனி அறையில் எத்தனை ஆண்டுகள் இருந்தாலும் அது வராது.

பராமரிப்பும் ஒரு பதிவும்

வாசித்து முடித்ததும் உலர்ந்த பருத்தித் துணியால் கம்பிகளின் மேலும் கீழும் துடையுங்கள். கடலோர ஊர்களில் உப்புக் காற்றாலும் வியர்வையாலும் கம்பி விரைவில் துருப்பிடிக்கும். விரலில் சொரசொரப்பு தட்டினால் மாற்றிவிடுங்கள், மூன்று மாதத்துக்குமேல் இழுக்க வேண்டாம். பூட்டிய காரிலும் மொட்டைமாடி அறையிலும் கிட்டாரை வைக்காதீர்கள். சித்திரையிலும் ஐப்பசியிலும் கழுத்தின் வளைவை ஒருமுறை அளந்து பாருங்கள். வெயிலுக்கும் மழைக்கும் மரம் அசைந்துகொண்டேதான் இருக்கும்.

ஒவ்வொரு முறை சீராக்கும்போதும் தேதி, கம்பியின் தடிமன், 7ஆம் ஃப்ரெட்டின் இடைவெளி, 12ஆம் ஃப்ரெட்டின் உயரம் ஆகிய நான்கையும் பின்மூடியின் உட்பக்கத்தில் பென்சிலால் எழுதுங்கள். அடுத்த முறை எங்கே தொடங்குவது என்று தேட வேண்டியிருக்காது. என் கருஞ்சிவப்புக் கிட்டார் இப்போது அக்கா மகனிடம் இருக்கிறது. அவன் விரல்கள் சிறியவை என்பதால் மெல்லிய கம்பியை 1.5 மில்லிமீட்டருக்கு இறக்கிக் கொடுத்தேன். மாஸ்டர் 2002இல் எழுதிய வரிக்கும் நான் எழுதிய ஒன்பது வரிகளுக்கும் கீழே, அந்த அளவை அவன் கையாலேயே எழுத வைத்தேன். மூடியில் இன்னும் நான்கைந்து வரிகளுக்கு இடம் இருக்கிறது.